புதன்கிழமைப் பாய்கள்

2026 ஜனவரி 21, புதன்

கால் காட்டத் தெல்தெனிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். பிரின்சிபல் சேர் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனார். டொக்டர் சின்னப் பெண். சிங்களத்தில் கேட்டார், சிங்களத்தில் சொன்னேன். இரவில் எப்படிப் படுக்கிறீர்கள் என்றார். படுப்பதில்லை, கதிரையில் இருக்கிறேன் என்றேன். எப்போதிருந்து? மழைக்குப் பிறகு. எந்த மழை என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

கணுக்காலை விரலால் அழுத்தினார். குழி விழுந்தது. அது நிரம்பி வரும்வரை அவரும் நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். இருதயத்தில் பிழையில்லை. இரவு முழுக்கக் காலைத் தொங்கப் போட்டிருந்தால் தண்ணீர் இறங்கத்தான் செய்யும், படுத்துத் தூங்கினால் வற்றிவிடும், இப்படியே விட்டால் புண்ணாகும் என்றார்.

திரும்பி வரும் வழியில் சேர் வண்டியை நிறுத்தித் தேத்தண்ணீர் வாங்கித் தந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். டிசம்பர் கடைசியில்தான் இங்கே மாறி வந்தார்.

"ராஜலிங்கம் ஐயா, உங்களுக்கு விரோதமா நான் ஒண்டும் செய்யேல்லை. ஆனா கால் இப்பிடி இருக்கேக்க வோச்சர் வேலையில ராவில காவலுக்கு எப்பிடி வச்சிருக்கிறது? தவணை முடியுமட்டும் பாப்பம். வத்தாட்டி மகளோட போய் இருங்கோ."

மகள் தர்ஷிகா வத்தளையில் இருக்கிறாள். போனால் சோறு போடுவாள், குறை வைக்கமாட்டாள். என் மனைவி நல்லம்மாவைப் புதைத்த இடம் பாடசாலைக் கேட்டில் நின்றால் தெரியும். வத்தளையில் நின்றால் தெரியாது. அவ்வளவுதான் விசயம்.

படுக்க வேண்டும். அதுதான் வேலை. சின்னப் பிள்ளைக்கும் வருகிற வேலை.

ஜனவரி 22, வியாழன்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதைப் போன் எழுதுகிறது. நான் பேசுகிறேன், அது எழுத்தாக விழுகிறது. நுஸ்ஹா டீச்சர்தான் பழக்கித் தந்தார். சோனல் கல்விக் கந்தோரிலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்திருக்கிறதாம். ஆசிரியர்களுக்கும் மற்ற வேலையாட்களுக்கும் மன அழுத்தம் கூடிவிட்டது, ஆகவே புதன்கிழமைகளில் பாடசாலை விட்ட பிறகு யோகாசனமும் தளர்வுப் பயிற்சியும். எல்லோரும் அன்றாடம் மனதில் உள்ளதைப் பதிந்து வர வேண்டும்.

"நீங்க வீட்டுல கதைக்கிற மாதிரிச் சொன்னா போன் கண்டதையும் எழுதும் ஐயா. காலைக் கூட்டத்துல பேசுறாங்களே, அந்தத் தமிழ்ல சொல்லுங்க" என்றார் டீச்சர்.

நாற்பது வருசமாகக் காலைக் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டு கேட் பக்கத்தில் நின்றவன். அந்தத் தமிழ் எனக்கு வரும். எட்டு பிரின்சிபல்மாரும் எப்படித் தொடங்குவார்கள், எங்கே இருமுவார்கள் என்றுகூடச் சொல்லுவேன். மறப்பது என்பது எனக்கு இல்லாத ஒரு பழக்கம்.

போன் எழுதியதை என்னால் வாசிக்க முடியாது. வேறு யாருக்கும் காட்டப் போவதுமில்லை. ஆகவே இதை வாசிக்க ஆளில்லை. அது நல்லது.

ஜனவரி 23, வெள்ளி

ஸ்டாஃப் ரூமில் தேத்தண்ணீர் வைக்கப் போனேன். யோகாவைப் பற்றித்தான் பேச்சு. கிருஷாந்தி சத்தமாகச் சொன்னாள். அவள் ஐந்தாம் வகுப்பு டீச்சர். தேயிலைத் தோட்டத்தில் கீழ் லய வீட்டுப் பிள்ளை, என் கண் முன்னால் பிறந்து வளர்ந்தவள். டீச்சர் என்று கூப்பிட்டால் அடிக்க வருவாள்.

"மூணு வகுப்ப ஒரே ரூமுல அடைச்சி வச்சிருக்காங்க. நான் கணக்கு சொன்னா பக்கத்து வகுப்பு விடை சொல்லுது. இதுக்கு என்னா ஆசனம் இருக்கு, அதச் சொல்லுங்க."

"தலைகீழா நிக்கிறது" என்றார் நுஸ்ஹா டீச்சர்.

எல்லோரும் சிரித்தார்கள். மண்டபம் சும்மாதானே இருக்கிறது, அங்கே இரண்டு வகுப்பைப் போடலாமே என்று பிரின்சிபல் சேர் கேட்டார். சிரிப்பு நின்றது. சேர் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, யோகாவாவது மண்டபத்தில் நடக்கட்டும் என்று சொல்லிப் போய்விட்டார். மழையின்போது அவர் இங்கே இல்லை.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கோப்பைகளைக் கழுவி வைத்தேன்.

ஜனவரி 25, ஞாயிறு

படுத்தேன். எழுந்துவிட்டேன். கதிரை.

ஜனவரி 28, புதன்

இன்று நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும்.

மண்டபத்தைத் திறந்து கூட்டினேன். தூசு அதிகம் இல்லை. யோகா படிப்பிக்க வந்தவர் இல்ஹாம் சேர், திகனக்காரர், விளையாட்டுப் பாடத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். தாடியும் நீலக் காற்சட்டையுமாக வந்தார். வந்தவர் வாசலில் சலாம் சொல்லி வணக்கமும் சொன்னார். பிறகு பிரின்சிபல் சேருடன் பேச ஆபீசுக்குப் போனார். போகும்போது, "ஐயா, பாயெல்லாம் விரிச்சி வைங்க. தலைக்கு ஒரு சீலத் துண்ட மடிச்சி வைங்க. கடைசில எல்லாரும் படுக்கணும்" என்றார்.

மழைக்குப் பிறகு வீடிழந்தவர்களுக்கு முகாம் நடந்தபோது வந்த நீலப் பாய்கள் ஸ்டோரில் கட்டாகக் கிடந்தன. எடுத்து உதறி விரித்தேன். இரண்டு வரிசை. நடுவில் ஆள் நடக்க வழி. தலைமாட்டில் துணி. ஒரு பாயை மேற்குச் சுவரோரம் தனியாக, வேறு திசையில். வேலையை முடித்துவிட்டு வாசலில் நின்றேன்.

டீச்சர்மார் வந்தார்கள். வாசற்படியில் நின்றுவிட்டார்கள். ஒருவர்கூட உள்ளே கால் வைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்களின் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டு அவர்களும் நின்றார்கள். இல்ஹாம் சேர் சிரித்துக்கொண்டே, "சூரிய நமஸ்காரத்துக்குப் பயப்படுறீங்களா? சூரியனும் வேணாம், நமஸ்காரமும் வேணாம், குனிஞ்சி நிமிர்ந்தாப் போதும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

கிருஷாந்திதான் உள்ளே வந்தாள். என் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, தலமாடு எந்தப் பக்கம் வச்சிருக்கீங்க, பாத்தீங்களா?"

பார்த்தேன். எல்லாத் துணியும் தெற்குப் பக்கம். அன்றைக்கு வைத்த மாதிரியே. அதே இரண்டு வரிசை, அதே இடைவெளி. சுவரோரம் தனியாகக் கிடந்தது கடை நஸீம் முதலாளியை வைத்த இடம். அவர்கள் முறைப்படி முகம் மேற்கே திரும்ப வேண்டும் என்று அன்று அந்தப் பக்கம் வைத்தோம்.

மேல் லயத்தின்மேல் மலை இறங்கிய அன்று பாதை உடைந்து ஒரு வாகனமும் வரவில்லை. எடுத்தவர்களை எல்லாம் இந்த மண்டபத்தில்தான் வைத்தோம். வரிசையாக வைத்தவன் நான்தான். வடக்கு வரிசையில் மூன்றாவது நல்லம்மா. அவளுக்குப் பக்கத்தில் கிருஷாந்தியின் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர்.

நான் பாக்கல. வேணும்னு செய்யல. கை பாட்டுக்குப் போட்டுருச்சு. பாயி விரிக்கச் சொன்னாங்க, கை வேற மாதிரி விரிக்கத் தெரியாம விரிச்சிருச்சு.

"சரி. அந்தப் பக்கம் புடிங்க" என்றாள் கிருஷாந்தி.

நானும் அவளும் ஒவ்வொரு பாயாகத் திருப்பினோம். நுஸ்ஹா டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து சுவரோரப் பாயை இழுத்து நடுவில் போட்டார். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். குறுக்கும் நெடுக்குமாக, வட்டமாக, எப்படியோ போட்டார்கள். சந்தை மாதிரி ஆகிவிட்டது. இல்ஹாம் சேர் ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். நுஸ்ஹா டீச்சர் காதில் சொன்னதைக் கேட்டு, பிரின்சிபல் சேர் அவரை வெளியே கூட்டிப் போய் அதைச் சொன்னார் போல. திரும்பி வந்தபோது இருவர் முகமும் வேறாக இருந்தது.

இன்று யாரும் படுக்கவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சை இழுத்து விட்டார்கள். பிறகு வீட்டுக்குப் போனார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. வருமென்று எல்லோரும் பார்த்தார்கள். வராததைப் பார்த்து அவர்களுக்குத்தான் கஷ்டம்.

ஜனவரி 29, வியாழன்

ஏன் படுக்க முடியவில்லை என்று இன்று கொஞ்சம் விளங்கியது. விளங்கியதால் ஒன்றும் மாறவில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

நேராகப் படுத்தால் என் இரண்டு கால் பெருவிரலும் தானாக ஒன்றோடொன்று சேர்கின்றன. சேர்ந்தவுடன் எழுந்துவிடுகிறேன். பயம் இல்லை. கனவு இல்லை. முதுகு தானாக நிமிர்கிறது.

நல்லம்மாவின் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியது நான்தான். சேலைக் கரையைக் கிழித்துக் கட்டினேன். மண் ஈரத்தில் முடிச்சு வழுக்கியது. இரண்டாம் முறை கட்டினேன்.

சுருண்டு படுத்துப் பார்த்தேன். வீங்கிய காலை மடக்க முடியவில்லை.

பெப்ரவரி 4, புதன்

சுதந்திர தின விடுமுறை. கொடி ஏற்றினேன். இறக்கினேன்.

பெப்ரவரி 11, புதன்

இல்ஹாம் சேர் வந்தார். பாய் விரிக்க என்னைக் கேட்கவில்லை. தானே கதிரைகளை வட்டமாகப் போட்டார்.

"இண்டைக்குக் கதிரையிலயே செய்வோம். படுக்க விருப்பமுள்ளவங்க கடைசில படுங்க. விருப்பம் இல்லாட்டி இருங்க. யோகாவுக்கு யாரும் சாகத் தேவையில்ல."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே பட்டது. நாக்கைக் கடித்தார். கிருஷாந்தி முதலில் சிரித்தாள். பிறகு சில பேர்.

நானும் செய்ய வேண்டும், எல்லா வேலையாட்களும் என்றுதான் சுற்றுநிருபம் என்றார்கள். வாசல் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்தேன். கிருஷாந்தி என் பக்கத்தில் வந்து இருந்தாள். கையை இறுக்கிப் பொத்த வேண்டும். முடிந்த மட்டும் இறுக்கி, பிறகு விட வேண்டும். இறுக்கும்போது தெரியாதது விடும்போது தெரியும் என்றார் இல்ஹாம் சேர். நான் இறுக்கினேன். விட்டேன். ஒன்றும் தெரியவில்லை. கை என்னுடையதா என்று பார்த்தேன், என்னுடையதுதான்.

கடைசியில் நான்கு ஐந்து பேர் படுத்தார்கள். கண்ணை மூடவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

"நீ படுக்கலியா?" என்று கிருஷாந்தியிடம் கேட்டேன்.

"நீங்க?"

இருவரும் கதிரையிலேயே இருந்தோம்.

பெப்ரவரி 15, ஞாயிறு

சிவராத்திரி. தோட்டத்துக் கோவிலில் விடிய விடிய ஊரே விழித்திருந்தது. ஒருவருக்கும் படுக்க அனுமதியில்லை. இன்று மட்டும் எல்லோரும் என்னைப் போல. தூங்கி விழுந்த ஆட்களைத் தட்டி எழுப்பும் வேலையை எனக்குத் தந்தார்கள். நன்றாகச் செய்தேன் என்றார் பூசாரி.

பெப்ரவரி 20, வெள்ளி

சாதாரணதரப் பரீட்சைக்காகப் பாடசாலைகள் மூடியிருக்கின்றன. ஒரு சத்தமும் இல்லை. தர்ஷிகா போன் பண்ணினாள்.

"அப்பா, பிரின்சிபல் சேர் எங்கிட்ட பேசினாரு. சித்திரைக்கு முந்தி நான் வந்து கூட்டிட்டு வந்துர்றேன். இங்க கட்டில் வாங்கி வச்சிருக்கேன்."

"கட்டில் எதுக்கு? நான் கதிரைல இருக்கிறவன்."

"அதுக்குத்தாம்பா சொல்றேன்."

அவள் அழுதாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தேன். அழுது முடித்த பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

அவளுக்கும் அம்மாதானே. அது எனக்குத் தெரியும். தெரிகிறது, உள்ளே போகமாட்டேன் என்கிறது.

பெப்ரவரி 24, செவ்வாய்

பனி. மலை தெரியவில்லை. கால் இன்று செருப்புக்குள் நுழையவில்லை.

மார்ச் 4, புதன்

பாடசாலை தொடங்கிவிட்டது. நோன்பு மாதம். இல்ஹாம் சேரும் நுஸ்ஹா டீச்சரும் நோன்பு. இன்று தள்ளி வைப்போமா என்று பிரின்சிபல் சேர் கேட்டார். சும்மா படுக்கிறதுக்குச் சோறு வேணுமா சேர் என்றார் இல்ஹாம் சேர்.

மூச்சுப் பயிற்சி முடிந்து விருப்பமுள்ளவர்கள் படுத்தார்கள். நுஸ்ஹா டீச்சரும் ஓரமாகச் சரிந்து படுத்து முக்காட்டை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். இல்ஹாம் சேர் மெல்லிய குரலில், பாதம் தளர்கிறது, முழங்கால் தளர்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். மண்டபம் அமைதி. எனக்கு அந்த அமைதி தெரியும்.

அப்போது குறட்டை வந்தது.

முதலில் சின்னதாக. பிறகு பெரிதாக, விட்டு விட்டு, நடுவில் ஒரு விசிலுடன். முக்காடு மேலே போய்க் கீழே வந்தது. இல்ஹாம் சேர், இடுப்பு தளர்கிறது என்றவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கிருஷாந்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"ஹுன்னஸ்கிரிய ஏத்தத்துல லொறி ஏறுது" என்றாள் என் காதில்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டீச்சர் எழுந்து சுற்றிலும் பார்த்தார்.

"என்ன? என்ன நடந்த?"

"ஒண்டுமில்லை டீச்சர். நிகழ்ச்சி நல்லா நடக்குது" என்றார் பிரின்சிபல் சேர்.

"நோம்பு எண்டு கொஞ்சம் களைப்பு" என்று டீச்சர் முகத்தைத் துடைத்தார். "விடிய முன்ன சஹருக்கு எழும்பி, சமைச்சி, பஸ் புடிச்சி... நான் குறட்ட விடுற ஆள் இல்ல, அல்லாவே."

நான் சிரிக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். இந்த மண்டபத்தில் நான் கிடத்தியவர்களில் ஒருவரும் சத்தம் போடவில்லை. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் அன்று, ஒரு சின்னச் சத்தம் வராதா என்று. இன்று வந்தது. வேறொருவரிடமிருந்து வந்தது. ஆனாலும் இங்கேதான் வந்தது.

மார்ச் 6, வெள்ளி

டீச்சரின் குறட்டையைப் பிள்ளைகள் வரைக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள். டீச்சர் என் மேல் சந்தேகப்பட்டார். நான் இல்லை. கிருஷாந்தி.

மார்ச் 11, புதன்

கிருஷாந்தி இன்று என் பக்கத்துக் கதிரையில் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழுந்தாள்.

"மாமா, நான் போய்ப் படுக்கப் போறேன். பயமாத்தான் இருக்கு. நீங்க இங்கருந்து என்னயப் பாத்துக்கிட்டு இருங்க. என் மூஞ்சி கோணலாப் போனா எழுப்பிருங்க."

"கோணலாப் போனா?"

"இப்ப இருக்கிறத விட."

போய்ப் படுத்தாள். அந்தப் பிள்ளைகள் இருவரும் கிடந்த இடத்துக்குத் தள்ளித்தான் படுத்தாள். கொஞ்ச நேரம் கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. நான் எழுப்பவில்லை. முகம் கோணவில்லை. பிறகு தூங்கிவிட்டாள். மழைக்குப் பிறகு அவள் ஒழுங்காகத் தூங்கவில்லை என்று அவள் அம்மா கடையில் வைத்துச் சொல்லியிருந்தார்.

எல்லோரும் தூங்கினார்கள். மண்டபம் முழுக்க. வாசலில் கதிரையில் நான் மட்டும். காவல் காப்பது என் தொழில், அதனால் ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. முடிந்த பிறகு இல்ஹாம் சேர் என் பக்கத்தில் வந்து தரையில் குந்தினார். என் காலைப் பார்த்தார். தொடவில்லை.

"ஐயா, படுக்கச் சொல்ல மாட்டேன். ஒண்டு கேக்கவா? கால மட்டும் சுவத்துல ஏத்தி வைக்க ஏலுமா?"

"எப்படி?"

அவரே செய்து காட்டினார். இடுப்பைச் சுவரோடு ஒட்டி, முதுகு தரையில், இரண்டு காலும் நட்டமாகச் சுவரில். தாடியுள்ள மனிதர், காற்சட்டை வழுக்கி முழங்கால் தெரிய, பல்லி மாதிரிக் கிடந்தார்.

"இது படுக்கிறல்ல. காலுக்கு மருந்து. தண்ணி கீழ இறங்கிரும். எங்கட உம்மாக்கும் இதத்தான் செய்யச் சொன்ன. அவ சிரிச்சிச் சிரிச்சே செய்யல. நீங்க சிரிக்காத ஆள் தானே, செய்வீங்க."

மார்ச் 12, வியாழன்

ஸ்டோர் ரூமில்தான் என் இருப்பு. வீடு மேல் லயத்தில் இருந்தது, இப்போது இல்லை. கதவைச் சாத்திவிட்டுச் செய்து பார்த்தேன். கீழே இறங்கக் கஷ்டம். காலைத் தூக்கக் கஷ்டம். தூக்கினேன்.

கால் மேலே இருந்தது. பாதங்கள் தனித்தனியாகச் சுவரில் ஊன்றி நின்றன. விரல்கள் சேரவில்லை. யாரையும் அப்படிக் கிடத்த மாட்டார்கள். கால் மேலே போட்டு ஒருவரையும் நான் கிடத்தியதில்லை.

முதுகு தரையில் இருந்தது. எழும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதைக் கவனித்தேன். கவனித்தவுடன் எழுந்துவிட்டேன்.

மார்ச் 14, சனி

மறுபடி செய்தேன். தர்ஷிகா போன் பண்ணினாள். காலைச் சுவரில் வைத்துக்கொண்டே பேசினேன். குரல் ஒரு மாதிரி இருக்கிறதே, சுகமில்லையா என்று கேட்டாள். தலைகீழாக இருக்கிறேன் என்று சொல்லவில்லை.

மார்ச் 18, புதன்

சோனலிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஆசனங்களைப் போட்டோ எடுக்க வேண்டுமாம். முன்கூட்டிச் சொல்லவில்லை. நான் கேட்டைத் திறந்து மண்டபத்துக்குக் கூட்டிப் போனேன். உள்ளே எல்லோரும் தூக்கம். இல்ஹாம் சேர் கூடச் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தார், நோன்பு இருபத்தேழு இருபத்தெட்டு ஆகிறதே.

அதிகாரி கமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன இது? முழு ஸ்டாஃபும் நித்திரையா?"

பிரின்சிபல் சேர் எழுந்து உட்கார்ந்தார். தலைமயிர் ஒரு பக்கமாக நின்றது. "ஓம் சேர்" என்றார்.

"யோகாசனம் எங்கே?"

கிருஷாந்தி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "இதும் ஆசனந்தான் சேர். மெதுவாப் பேசுங்க, பின் வரிசை இன்னும் முடிக்கல."

அதிகாரிக்குக் கோபப்படுவதா என்று தெரியவில்லை. பிரின்சிபல் சேர் அவரை ஆபீசுக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அதிகாரி போகும்போது மண்டபத்து வாசலில் ஒருமுறை நின்றார். தொப்பியைக் கழற்றினார். பிறகு என்னிடம், நீங்கள்தானா அவர் என்று கேட்டார். எவர் என்று நான் கேட்கவில்லை. ஆமாம் என்றேன்.

மார்ச் 23, திங்கள்

பெருநாள் முடிந்து நுஸ்ஹா டீச்சர் வட்டிலப்பம் கொண்டு வந்தார். எனக்கு ஒரு பங்கு தனியாக. சாப்பிட்டேன். இனிப்பு என்று தெரிந்தது. வெகு நாளாகச் சாப்பாட்டில் சூடு மட்டும்தான் தெரிந்துகொண்டிருந்தது.

ஐந்தாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் மண்டபத்துக்கு மாற்றிவிட்டார்கள். கிருஷாந்திதான் கேட்டாளாம். பிள்ளைகள் உட்காரும் வாங்கு, மேசை தூக்கும் வேலை எனக்கும் இருந்தது. கனமானதைத் தூக்க விடவில்லை.

மார்ச் 27, வெள்ளி

வகுப்பைக் கூட்ட ஸ்டோருக்குத் தும்புத்தடி எடுக்க வந்த கிருஷாந்தி சுவரைப் பார்த்துவிட்டாள்.

"மாமா, சுவத்துல யாரு நடந்தது?"

வெள்ளைச் சுவரில் இடுப்பளவுக்கு மேலே இரண்டு கறுத்த பாத அடையாளம். கழுவ நினைத்து மறந்திருந்தேன். இல்லை, மறக்கவில்லை. கழுவவில்லை.

"கால் மருந்து" என்றேன்.

"வேல செய்யுதா?"

"செருப்பு நுழையுது."

"அதக் கேக்கல."

கதிரை இருந்த மூலையைப் பார்த்தாள். அதன்மேல் என் சட்டைகள் மடித்துக் கிடந்தன. தும்புத்தடியை எடுத்துக்கொண்டு போனாள்.

சட்டை வைக்க வேறு இடம் இல்லை, அதனால் வைத்தேன். இரவில் எடுத்துவிட்டுத்தான் உட்காருகிறேன். பாதி இரவு காலைச் சுவரில் வைத்தபடி, பாதி இரவு கதிரை. தூக்கம் என்று சொல்ல முடியாது. எழும்ப நேரமாகிறது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 1, புதன்

பிரின்சிபல் சேர் கூப்பிட்டார்.

"ஐயா, அடுத்த கிழமை தவணை முடியுது. நான் மகளோட கதைச்சனான். எட்டாந் திகதி அவ வாறா. நான் சொன்ன சொல்லு எனக்கும் ஞாபகம் இருக்கு, உங்களுக்கும் இருக்கு. கால் எப்பிடி?"

காட்டினேன். அவரே குனிந்து அழுத்தினார். குழி இன்னும் விழுகிறது. முன்பு போல ஆழமில்லை.

"படுக்கிறியளோ?"

பொய் சொல்லத் தெரியும். சொல்லவில்லை. "பாதி" என்றேன்.

"பாதியைக் கொண்டு நான் என்ன செய்ய?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் மேலிடம் உண்டு, பெற்றோர் சங்கம் உண்டு. இரவில் எனக்கு ஏதாவது ஆனால் அவர் தலையில்தான் விடியும்.

கேட்டில் நின்று எதிர் மலையைப் பார்த்தேன். புதைத்த இடத்தில் புல் வந்துவிட்டது. மற்ற இடத்துப் புல்லை விடப் பச்சை அதிகம். நல்லம்மா, போகச் சொல்றாங்க. நான் என்னா செய்யட்டும்? போனா உன்னய யாரு பாப்பா? நீயி ஒண்ணும் சொல்ல மாட்ட. இருந்த காலத்துலயே பாதிதான் சொல்லுவ.

ஏப்ரல் 3, வெள்ளி

பெரிய வெள்ளி. விடுமுறை. மழை. கூரையில் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து மலையைப் பார்ப்பேன். இன்றும் பார்த்தேன். அங்கேயே இருந்தது.

ஏப்ரல் 6, திங்கள்

என் துணிகளைப் பார்த்தேன். கட்டுவதற்கு அதிகம் இல்லை. கட்டவில்லை.

ஏப்ரல் 8, புதன்

முகத்தில் வெயில் சுட்டது. கண்ணைத் திறந்தேன். ஸ்டோர் ஜன்னலில் வெயில் அவ்வளவு உயரத்தில் வந்து நான் பார்த்ததில்லை. ஒரு சத்தமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்தேன். கால் சுவரில் இல்லை. இரவில் எப்போதோ இறங்கியிருக்கிறது. பக்கவாட்டில் சரிந்து, ஒரு கையைத் தலைக்கு வைத்து, வாயில் எச்சில் வழியக் கிடந்திருக்கிறேன்.

பிறகுதான் புதன்கிழமை என்று வந்தது. கேட் சாவி என் இடுப்பில் இருந்தது.

ஓடினேன். என்னால் ஓடக்கூடிய அளவுக்கு.

கேட்டுக்கு வெளியே முழுப் பாடசாலையும் பாதையோரம் வரிசையில் நின்றது. சின்ன வகுப்புகள் முன்னால், பெரிய வகுப்புகள் பின்னால். பேச்சு இல்லை. முதலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வாயில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. பிரின்சிபல் சேர் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தார். நுஸ்ஹா டீச்சர் குடையை விரித்து ஐந்தாறு பிள்ளைகளை அதன்கீழ் வைத்திருந்தார். கிருஷாந்தி கேட்டில் முதுகைச் சாய்த்து, யாரும் தொட முடியாதபடி நின்றாள்.

அவள்தான் முதலில் வந்தாளாம். கேட் பூட்டியிருக்கப் பயந்துபோய், பாதைப் பக்கத்து ஸ்டோர் ஜன்னலால் எட்டிப் பார்த்தாளாம். பார்த்துவிட்டு வந்து ஒருவரையும் கேட்டைத் தட்ட விடவில்லையாம்.

"சேர், மன்னிச்சிருங்க" என்றேன்.

"மணி எட்டரை தாண்டிட்டுது ஐயா" என்றார் சேர். "இனித் துறக்கிறியளோ?"

பூட்டைத் திறக்க முடியவில்லை. கிருஷாந்தி கம்பிக்கு வெளியே இருந்து கையை விட்டு என் கையைப் பிடித்துச் சாவியைத் திருப்பினாள். பிள்ளைகள் உள்ளே போனார்கள். அப்போதும் மெதுவாகத்தான் போனார்கள், எனக்கு இன்னும் தூக்கம் இருக்கிறது என்று யாரோ சொல்லி வைத்த மாதிரி.

எல்லோரும் போன பிறகு பாதையில் ஓர் ஆள் மிச்சம். தர்ஷிகா. முதல் பஸ்ஸுக்கு வந்து அவர்களோடு நின்றிருக்கிறாள். அவளும் ஜன்னலால் பார்த்தாளாம்.

"அப்பா" என்றாள். அவள் முகம் நல்லம்மாவின் முகம். எனக்கு இவ்வளவு நாளும் அது தெரியாமல் இல்லை. இன்று பார்த்தேன். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இறங்கியது, வலித்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

பிரின்சிபல் சேர் ஆபீசுப் படியிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை, வந்த பயணத்துக்குத் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. கூட்டிக்கொண்டு போற கதையைப் பிறகு பாப்பம்."

பின்னேர பஸ்ஸில் தர்ஷிகாவை ஏற்றிவிட்டேன். என் துணிகளுக்காகக் கொண்டு வந்த பையை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.